மறுத்த விதியைக் காட்டு

2 ஜூன், திங்கள்

பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே இரண்டாவது மாடி. கீழே யாராவது வாயைத் திறந்துகொண்டு கத்தினால் எங்களுக்குக் கேட்கும். இதுதான் என் புது அலுவலகம். கோயம்புத்தூரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பாதிக் கல்யாண மண்டபங்கள் இவர்களுடைய மென்பொருளில்தான் தேதி பதிகின்றன. முதலாளி கனகசபாபதி. என் வயதுதான் இருக்கும், பெருமூச்சு மட்டும் எழுபது வயதுக்காரருடையது.

என் வேலை இது. நவநீதன் என்று ஒரு மகாமேதை இந்த மென்பொருளை ரூபி மொழியில் எழுதிவிட்டு, ஒரு குறிப்புகூட வைக்காமல் பெங்களூருக்குப் போய்விட்டான். அவன் எழுதியது ஒருவருக்கும் புரியவில்லை. அதை வேரோடு பிடுங்கிவிட்டு, சாதாரண மனிதர்களுக்குப் புரிகிற மாதிரி நான் திரும்ப எழுத வேண்டும். மூன்று மாத ஒப்பந்தம். ஒழுங்காக முடித்தால் நிரந்தரம்.

"ஆறு வருசம் கேப் இருக்குதுங்களே மேடம்" என்றார் சபாபதி. அந்த ஆறு வருடம் நான் ஒரு கணவரையும் அவருடைய வழக்கறிஞரையும் சமாளித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லவில்லை. எனக்கு இந்த வேலை வேண்டும்.

4 ஜூன், புதன்

மகாமேதையின் திருவிளையாடலைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ரூபியில் கொஞ்சம் நிரலை ஒரு பொட்டலமாகக் கட்டி இன்னொருவர் கையில் கொடுக்கலாம். வாங்கியவர் அதைத் தனக்கு வேண்டும்போது பிரிக்கலாம், தன் வீட்டுக்குள் வைத்தும் பிரிக்கலாம். பிளாக் என்பார்கள். நல்ல வசதி. அளவோடு பயன்படுத்தினால் யாருக்கும் தொல்லை இல்லை. நவநீதனுக்கு அளவு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. எதைத் தொட்டாலும் பொட்டலம். பொட்டலத்துக்குள் பொட்டலம். நிரலே ஓடும்போது புதுப்புது நிரல்களைப் பெற்றுப்போடுகிறது. 'வாடகை' என்ற செயல் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடினால் எங்கேயும் இல்லை, ஆனால் வேலை செய்கிறது. இல்லாத செயலைக் கூப்பிட்டால் எந்த மொழியும் பிழை என்று கத்தும். இவன் அந்தக் கத்தலை நடுவிலேயே பிடித்து, கூப்பிட்ட சொல்லைப் பிரித்துப் பார்த்து, அதற்கு ஒரு அர்த்தம் கற்பித்துக்கொள்கிறான்.

இதில் உச்சம் என்னவென்றால், எல்லாம் தமிழில். மண்டப மேலாளர்களே தங்கள் விதிகளைத் தமிழில் தட்டுவார்களாம், அது அப்படியே பொட்டலமாகி ஓடுமாம். 'ஆடி_மாதம் பாதி_வாடகை' என்று யாரோ எழுதியிருக்கிறார், ஓடுகிறது. கதவைத் திறந்து போட்டுவிட்டு, வருகிற திருடனுக்குக் காபியும் போட்டு வைக்கிற வேலை.

துணி துவைக்கும் இயந்திரம் மறுபடி நடுவில் நின்றுவிட்டது. பாதி ஈரத்தோடு காயப்போட்டேன்.

11 ஜூன், புதன்

அலுவலகத்தில் பேசுகிற மாதிரி ஒரே ஒரு ஜீவன் உண்டு. பொன்மலர், டெஸ்டர். நாங்கள் எழுதுவதை உடைத்துப் பார்ப்பது அவள் வேலை. அதை மகிழ்ச்சியாகவே செய்கிறாள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். பொள்ளாச்சி ரோட்டில் இருக்கும் வெள்ளைத்தாமரை மஹாலில்தான் நடத்துவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

"அந்த மண்டபத்தோட பேஜை எத்தனை தடவை டெஸ்ட் பண்ணியிருப்பேன் தெரியுமாக்கா? என் கனவுலயே அந்த ஸ்டேஜ்தான் வருது. ரெண்டு வீட்டுக்கும் பக்கம் வேற."

என் கல்யாணமும் அங்கேதான் நடந்தது. மண்டபத்தின் மேல் எனக்குப் புகார் இல்லை.

மதியம் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தாள், என் பக்கம் நகர்த்தினாள். இன்றைக்குச் சஷ்டி விரதம் என்று சொல்லிவிட்டேன். சஷ்டியா இல்லையா என்று பார்க்கவில்லை. நாலு மணிக்குப் பசி தாங்காமல் கீழே போய் இரண்டு போண்டா சாப்பிட்டேன்.

13 ஜூன், வெள்ளி

சிலிண்டர் வரவில்லை. சபாபதி மூன்று முறை பெருமூச்சு விட்டார். நவநீதன் ஒழிக.

16 ஜூன், திங்கள்

பொன்மலர் ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மண்டபத்தைப் பதியப் பார்த்தாள். 'அன்று காலியில்லை' என்று வந்தது. அடுத்த முகூர்த்தமும் அப்படியே. ஆவணி முழுக்க, ஐப்பசி முழுக்க, தை முழுக்க. ஊரில் எல்லாரும் வரிசையாக அங்கேயே கல்யாணம் செய்கிறார்களா என்ன?

என் பெயரில், என் வீட்டு முகவரியில் அதே தேதியை நான் போட்டுப் பார்த்தேன். உடனே கிடைத்தது. ரத்து செய்தேன்.

"டைப் பண்ணும்போது எங்கயாவது தப்பு விட்டிருப்பே பொன்மலர்" என்றேன். அவள் என் திரையில் இருந்த முகவரியை ஒருமுறை படித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

பிறகு யோசித்தேன். அவள் டெஸ்டர், அத்தனை தடவையும் தப்பாகத் தட்ட மாட்டாள். இது நவநீதனின் பிழைதான். அவன் கட்டிய பொட்டலம் எதிலோ ஒரு தேதி சிக்கிக்கொண்டிருக்கும். அவள் வேலை நேரத்தில் சோதித்தபோது ஏன் இது அகப்படவில்லை என்று கேட்டேன். "டெஸ்ட்டுக்கு எப்பவும் ஆபீஸ் அட்ரஸ்தான்க்கா போடுவோம்" என்றாள்.

சரி செய்து தருகிறேன், ஆவணி முதல் முகூர்த்தம் உனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தேன். மேதையின் மூக்கை உடைக்க ஒரு நல்ல சந்தர்ப்பம்.

19 ஜூன், வியாழன்

வெள்ளைத்தாமரை மஹாலுக்கு நேரிலேயே போனேன். மேலாளர் நாச்சிமுத்து. நெற்றியில் பட்டை, கையில் ஐபேட்.

"வாங்க அம்மிணி, வாங்க. ஏனுங்க, உங்களுக்கு எந்த ஊருங்க? யாரு வூடுங்க?"

சொன்னேன். முகம் மலர்ந்தது. "அட, நம்ம பொண்ணு! அப்புறம் ஏனுங்க நின்னுக்கிட்டு, உக்காருங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். வெள்ளி டம்ளரில் காபி வந்தது. நல்ல காபி.

நவநீதன் தம்பி சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து விதிகளைத் தானே எழுதுவதாகப் பெருமையோடு காட்டினார். ஆடியில் பாதி வாடகை. அசைவம் என்றால் பின்பக்கச் சமையல்கட்டு. வாழைமரம் கட்டினால் அவர்களே அவிழ்க்க வேண்டும். விரலால் தள்ளிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி ஐபேட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"மீதியெல்லாம் நம்ம உள் வெவகாரமுங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா?"

என்ன தெரியும் எனக்கு? காபியைக் குடித்துவிட்டு வந்தேன். திரும்பும்போது கந்தேகவுண்டன்சாவடியில் முருங்கைக்காய் மலிவு என்று யாரோ சொன்னதை நம்பி, வழியை விட்டு விலகிப் போய் ஒரு மணிநேரம் வீணானது.

24 ஜூன், செவ்வாய்

கண்டுபிடித்தேன்.

நிரல் கோப்புகளில் தேடுவது வீண். மேலாளர்கள் எழுதுவது தனியாகச் சேமிக்கப்பட்டு, மென்பொருள் எழும்போதுதான் பொட்டலமாகிறது. அதனால் ஓடிக்கொண்டிருக்கும் மண்டபத்தையே கேட்டேன். ரூபியில் அது முடியும். ஒரு பொருளை நிறுத்தி, உன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று விசாரிக்கலாம், அது ஒளிக்காமல் சொல்லும். வெள்ளைத்தாமரை மஹால் தன் விதிகளை ஒவ்வொன்றாகக் கக்கியது. கடைசியில் இது வந்தது. தொடக்கத்திலும் முடிவிலும் வரும் ஆங்கிலச் சொற்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

முகவரியில் "காலனி"
எல்லா_நாளும் காலியில்லை
தவிர "சாயிபாபா காலனி", "டீச்சர்ஸ் காலனி", "பேங்க் காலனி"

பொன்மலரின் வீடு மொட்டப்பாறை காலனியில். அது எந்த மாதிரிக் காலனி என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

'தவிர' என்ற வரி முதலில் இல்லை என்பது பழைய பதிவுகளையும் புகார்களையும் புரட்டியதில் தெரிந்தது. சாயிபாபா காலனியிலிருந்து ஒரு பேங்க் மேனேஜர் தன் மகளுக்கு மண்டபம் கிடைக்கவில்லை என்று சத்தம் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு நாச்சிமுத்து சேர்த்திருக்கிறார். தப்பான ஆட்களுக்கு மறுத்துவிட்டதே என்று பதறிப்போய்த் திருத்தியிருக்கிறார். என்ன பொறுப்பு, என்ன நுணுக்கம். எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் இந்த அக்கறை கிடையாது.

இதில் பிழை எதுவும் இல்லை. நான் திருத்துவதற்கு இங்கே எதுவும் இல்லை.

25 ஜூன், புதன்

சர்வர் கோளாறு, கொஞ்ச நாள் ஆகும் என்று பொன்மலரிடம் சொன்னேன்.

26 ஜூன், வியாழன்

சபாபதியிடம் காட்டினேன். பார்த்தார். வழக்கமான பெருமூச்சு வரவில்லை. அதிலிருந்தே அவருக்கு முன்பே தெரியும் என்று புரிந்துவிட்டது.

"கிளையன்ட் விருப்பமுங்க மேடம். நாம சாப்ட்வேர் செஞ்சு குடுக்கறோம், அவ்வளவுதானுங்க. வூட்டுக்குள்ள யாரைச் சேக்கறதுங்கறது அவுங்க பாடு."

"பொன்மலர் நம்ம ஆபீஸ் பொண்ணுங்க."

"அதனாலதானுங்க சொல்றேன், அவகிட்ட இதைச் சொல்லிப்போடாதீங்க. மனசு கஷ்டப்படும். வேற நல்ல மண்டபமா நானே பாத்துத் தர்றேன்."

இவ்வளவு இளகிய மனசுக்காரரை நான் பார்த்ததில்லை. எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னார். நான் புதிதாக எழுதும் மென்பொருளிலும் அந்த வசதி இருக்க வேண்டுமாம். இப்படிப் பச்சையாக எழுதி வைக்கக் கூடாதாம். மேலாளருக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு சின்னக் கட்டம், டிக் செய்தால் போதும். "உங்க கன்பர்மேசன் லெட்டர் ரெடியா இருக்குதுங்க" என்றார் அதே மூச்சில்.

இந்த மாதிரி ஒரு ஆளிடமா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்? நின்றேன். சரிங்க என்றும் சொன்னேன்.

28 ஜூன், சனி

நவநீதனின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். வெள்ளைத்தாமரை என்று நான் சொன்னதுமே, "அதைப் பாத்துட்டீங்களாக்கா?" என்றான்.

"உனக்குத் தெரியுமா?"

"அதைப் பாத்த அன்னைக்குத்தான் வேலைய விடறேன்னு பேப்பர் போட்டேன்."

"யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டக்கா சொல்றது? டீம்ல பொன்மலர் இருந்தா. அவ மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது? நான் ஒரு மொழிதான் செஞ்சு குடுத்தேன். அதுல அவங்க என்ன பேசுறாங்கங்கறது என் கையில இல்லையேக்கா."

மேதையாம். இல்லாத சொல்லைக்கூடப் பிடித்து அதற்கு அர்த்தம் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு, தன் கண்ணெதிரே தமிழில் எழுதியிருந்ததைப் பார்த்து வாயைத் திறக்கத் தெரியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு பெங்களூருக்கு ரயில் ஏறிவிட்டான். அங்கே நல்ல சம்பளமாம், காபி இலவசமாம்.

போனை வைத்த பிறகும் வெகுநேரம் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். சர்வர் கோளாறு என்று சொன்னது யார் என்று நடுவில் ஒருமுறை ஞாபகம் வந்தது. பாத்திரம் கழுவப் போனேன்.

30 ஜூன், திங்கள்

பொன்மலர் வந்து என் மேசையருகே நின்றாள்.

"சர்வர் சரியாயிடுச்சாக்கா?"

"இன்னும் பாத்துட்டு இருக்காங்க. வேற மண்டபம் ஏதாவது பாரேன் பொன்மலர். சுங்கம் பக்கத்துல ஏசி ஹால் ஒண்ணு..."

"அக்கா, நான் டெஸ்டர்."

அவ்வளவு நிதானமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"நீங்க உங்க அட்ரஸ் போட்டுப் பாத்தீங்கல்ல, அன்னைக்கே நானும் பாத்துட்டேன். என் பேரு, உங்க அட்ரஸ். கெடச்சுது. உங்க பேரு, என் அட்ரஸ். கெடைக்கல. இதுக்கு மேல என்னக்கா டெஸ்ட் பண்ணச் சொல்றீங்க?"

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா? டைப் பண்ணத் தெரியலன்னு சொன்னீங்களேக்கா. நீங்களா கண்டுபிடிச்சா மாத்திப் பேச மாட்டீங்கன்னு நெனச்சேன். கண்டுபிடிச்சுட்டு சர்வர்னு சொன்னீங்க."

கீழே பல் டாக்டரிடம் யாரோ அலறினார்கள். எனக்கும் அலறவேண்டும் போலிருந்தது. இந்த நோட்டில் இதுவரை நான் கேவலமாக எழுதியிருக்கும் ஒவ்வொருவரும் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன், அதுவும் அவர்களைவிட நல்ல தமிழில். அவமானமாக இருந்தது. அழுகை வரவில்லை, வந்திருந்தால் அதையும் அவள் முன்னால் நடிப்பாகத்தான் நினைத்திருப்பேன்.

"என்ன பண்ணலாம் சொல்லு" என்று கேட்டேன்.

"அழிச்சுடாதீங்கக்கா. அழிச்சா நாளைக்கே திரும்ப எழுதுவாரு. எங்க அப்பா நாலு தடவை நேர்ல போய்க் கேட்டுட்டு வந்திருக்காரு. நாலு தடவையும் காலியில்லன்னுதான் சொல்லியிருக்காங்க. அது பொய்யின்னு அவருக்குத் தெரியும். அது பொய்யின்னு அவங்க வாயால ஒரு தடவை சொல்லணும், அது போதும்."

2 ஜூலை, புதன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதி முடித்தேன்.

ரூபியில் ஓடிக்கொண்டிருக்கும் எதையும் திறந்து மாற்றலாம். ஒரு செயல் ஏற்கெனவே இருந்தாலும், அதன் வாசலில் நம்முடைய பொட்டலம் ஒன்றை உட்கார வைத்துவிடலாம். உள்ளே போகிறவர்கள் எல்லாரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். 'காலியில்லை' என்ற செயலின் வாசலில் ஒன்றை உட்கார வைத்தேன். அதற்கு நான் வைத்த பெயர் மறுத்த_விதியைக்_காட்டு. அந்தத் தேதியில் உண்மையிலேயே வேறு கல்யாணம் இருந்தால் அது ஒன்றும் செய்யாது. கல்யாணம் இல்லாமல் ஏதோ ஒரு விதி மறுத்தால், மறுத்த விதியை எழுதியவர் பெயரோடு அப்படியே பக்கத்தில் காட்டும். எல்லா மண்டபங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதினேன். நவநீதன் செய்யும் அதே வித்தைதான். அவன் நிரலைப் படித்துப் படித்து எனக்கும் அந்தக் கை வந்துவிட்டது.

பொன்மலர் சோதித்தாள். இந்த முறை அலுவலக முகவரி போடவில்லை.

'வெள்ளைத்தாமரை மஹால் உங்கள் பதிவை ஏற்கவில்லை. மண்டபத்தின் விதி:' என்று வந்தது. அதன் கீழே அந்த மூன்று வரிகள், அதன் கீழே நாச்சிமுத்துவின் பெயர். அவள் ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தாள். 'டீச்சர்ஸ் காலனி' என்ற இடத்தில் சிரித்துவிட்டாள். "அங்கதான்க்கா எங்க அத்தை இருக்காங்க. ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ்" என்றாள்.

"எல்லாருக்கும் தெரியற மாதிரி வெளிய விடவா?" என்று கேட்டேன்.

"விடுங்க."

விட்டேன்.

3 ஜூலை, வியாழன்

காலையிலிருந்து போன் ஓயவில்லை. வெள்ளைத்தாமரையோடு போகவில்லை. காந்திபுரத்துப் பக்கம் ஒரு மண்டபம், மறுமணம் என்றால் பெரிய மேடை கிடையாது என்று எழுதி வைத்திருக்கிறது. இன்னொன்று, பெண் வீட்டார் மட்டும் தனியாக வந்து கேட்டால் காலியில்லை என்கிறது. எல்லாம் நல்ல தமிழில், யாருக்கும் புரிகிற தமிழில். நவநீதன் ஆங்கிலத்தில் எழுத வைத்திருந்தால் பாதிப்பேர் படிக்காமல் போயிருப்பார்கள். ஜனங்கள் திரையைப் படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்புகிறார்கள்.

சபாபதி என் மேசைக்கே ஓடி வந்தார். "எடுங்க மேடம், உடனே எடுங்க. லெட்டரே டைப் பண்ணி வெச்சிருந்தேனுங்களே!"

"கிழிச்சுப்போடுங்க" என்றேன். வீட்டு வாடகை, ஆறு வருடம், மறுபடி நேர்காணல் எல்லாம் கண்முன் வந்தது. ஆனாலும் திரும்பச் சொல்லச் சொன்னால் திரும்பவும் சொல்லியிருப்பேன்.

வேறு ஆளை வைத்து எடுக்கப் பார்த்தார். இரண்டு பையன்கள் ஒரு மணிநேரம் தேடினார்கள். அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றே அவர்களுக்குப் புலப்படவில்லை. முழு மென்பொருளையும் பழைய நிலைக்குக் கொண்டுபோகலாம் என்றான் ஒருவன். போனால் இந்த வாரம் பதிந்த கல்யாணங்கள் எல்லாம் காற்றில் போகும் என்று பொன்மலர் சொன்னாள். அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

பதினொரு மணிவாக்கில் நாச்சிமுத்து என்னையே கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, இப்படிப் பண்ணிப்போட்டீங்களே! நம்ம பொண்ணுன்னு நெனச்சேன். எம் பேரப்புள்ள பள்ளிக்கூடத்துலிருந்து போன் பண்ணிக் கேக்கறானுங்க, தாத்தா இது நீங்க எழுதுனதான்னு. அதை எடுங்க மொதல்ல."

"எதை எடுக்கறதுங்க? விதியையா, அதைக் காட்டறதையா?"

"காட்டறதைத்தானுங்க!"

இந்த மனிதரிடமா நான் யாரு வூடு என்று ஒப்பித்துவிட்டுக் காபி குடித்தேன்? "அது என்னால முடியாதுங்க. விதியை நீங்களே எடுத்துக்கலாம், உங்க கையிலதான் இருக்குது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பொன்மலரும் நானும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அரை மணிநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த மூன்று வரிகள் மறைந்தன. ஆவணி முதல் முகூர்த்தம் 'காலி' என்று பச்சையானது.

அந்தப் பக்கம் இனி எட்டிப்பார்க்கவே மாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து முகவரியைத் தட்டினாள். கதவு எண், மொட்டப்பாறை காலனி, அஞ்சல், பின்கோடு, எதையும் சுருக்கவில்லை. முன்பணத்தைக் கட்டினாள். தேதி உறுதி என்று வந்தது. மேலாளருக்குத் தானாகப் போகும் செய்தியில் முகவரி முழுதும் போயிருக்கும்.

"இனி ஏதாவது சாக்குச் சொல்லி ரத்து பண்ணினா?" என்று கேட்டேன்.

"பண்ணட்டும். காரணம் எழுதித்தானேக்கா பண்ணணும், ஊரே படிக்கும். கல்யாணத்தன்னைக்கு அவரு வாசல்ல நிக்கணும். எங்க அப்பாவப் பாத்து வாங்கன்னு சொல்லணும். அதுக்குத்தான் எனக்கு அந்த மண்டபம்."

மாலையில் என் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சபாபதி அறையை விட்டு வெளியே வரவில்லை. பொன்மலர் படிவரைக்கும் வந்தாள், என் தண்ணீர் பாட்டிலை மறந்து வைத்துவிட்டேன் என்று கொடுத்தாள். என்னைக் கல்யாணத்துக்கு வாங்க என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.